கூண்டில் நிற்போர்க்கும் குரல் வேண்டும்!

"தூக்கில் போடு!" என்கிறது ஒரு குரல். "வழக்கு எதற்கு? வாதம் எதற்கு? வழக்கறிஞர்தான் எதற்கு?" என்று கேட்கிறது மற்றொரு குரல். "அவனுக்காக வாதாட வருகிறவனையும் அவனோடு சேர்த்துக் கட்டு!" என்று கொதிக்கிறது மூன்றாவது குரல்.

குழந்தையிடம் கொடுமை புரிந்தான், பெற்ற பிள்ளையைப் பேணாது விட்டாள், பச்சிளஞ் சிசுவைப் பாழுங்கிணற்றில் எறிந்தாள் என்று ஏட்டிலே ஒரு செய்தி வந்தால் போதும். சேலம் செவ்வாய்ப்பேட்டையிலும், நாமக்கல் லாரிப் பட்டறைகளிலும், பள்ளிபாளையத்துத் தறிக்கூடங்களிலும், ஆத்தூர் ஜவ்வரிசி ஆலை வாசலிலும் இந்த மூன்று குரலும் ஒருங்கே எழும்.

இந்தக் குரல்களை நாம் இகழவில்லை. பிஞ்சுக்கு நேர்ந்த கொடுமை கேட்டுக் கொதிக்காத நெஞ்சம் நெஞ்சமா? கல்! கருங்கல்! அந்தக் கொதிப்பு இருப்பதால்தான் இந்த நாட்டிலே இன்னும் மனிதம் மிச்சம் இருக்கிறது என்று நம்புகிறோம்.

ஆனால், தோழர்களே! கொதிப்பு வேறு, தீர்ப்பு வேறு. கொதிப்பு தெருவுக்கு உரியது. தீர்ப்பு மன்றத்துக்கு உரியது. குற்றம் சாட்டப்பட்டவன் என்ற சொல்லுக்கும் குற்றவாளி என்ற சொல்லுக்கும் இடையே ஒரு பாலம் இருக்கிறது. அந்தப் பாலத்துக்குப் பெயர் விசாரணை. அதன் ஒரு தூண் அரசு வழக்கறிஞர்; மறு தூண் எதிர்வாதம் செய்யும் வழக்கறிஞர். ஒரு தூணை இடித்துவிட்டு அக்கரை போகலாம் என்று நினைப்பவர்கள் ஆற்றிலே விழுவார்கள். விழுவது அவர்கள் மட்டுமல்ல. அவர்கள் தோளிலே தூக்கிவந்த குழந்தையும்தான்!

ஆம், குழந்தையின் பேராலேயே கேட்கிறோம்: கூண்டிலே நிற்பவருக்கு ஒரு வழக்கறிஞர் வேண்டும். திறமையுள்ள வழக்கறிஞர் வேண்டும். தொடக்க நாளிலேயே வேண்டும்.

சிலம்பு சொன்ன பாடம்

வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போனது சேலம். அந்தக் கொலுசுச் சத்தத்துக்கு நடுவே ஒரு பழைய சிலம்பின் சத்தத்தையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மதுரையிலே கோவலன் வெட்டுண்டானே, ஏன்? குற்றச்சாட்டு இருந்தது. கையிலே சிலம்பு இருந்தது. குற்றம் சாட்ட ஒரு பொற்கொல்லன் இருந்தான். தண்டிக்க ஒரு மன்னன் இருந்தான். வெட்ட வாளும் இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான். "மன்னா, சற்றுப் பொறு, சிலம்பின் உள்ளே என்ன பரல் என்று உடைத்துப் பார்" என்று சொல்ல ஒரு வாய் இல்லை. கண்ணகி வந்தாள், வாதாடினாள், வென்றாள். வென்று என்ன பயன்? தலை விழுந்த பிறகல்லவா வழக்கறிஞர் வந்தார்! மாண்டவன் மீளவில்லை. மன்னனும் மாண்டான். மாநகரும் எரிந்தது.

இதைவிடத் தெளிவாக எந்தச் சட்டப் புத்தகம் சொல்லிவிடும், கேளாமல் கொடுக்கும் தண்டனை கொடுத்தவனையே சுடும் என்று?

அந்தப் பாடத்தைத்தான் இந்திய அரசியல் சட்டமும் எழுதி வைத்திருக்கிறது. கைதானவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து பேசவும், அவரைக் கொண்டு வாதாடவும் உரிமை உண்டு என்கிறது 22ஆவது பிரிவு. ஏழைக்கு இலவசச் சட்ட உதவி தருவது அரசின் கடமை என்கிறது 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த 39அ பிரிவு. 1979இல் பீகார் சிறைகளில் விசாரணையின்றி வாடியவர்களின் வழக்கிலே, வழக்கறிஞர் வைக்க வசதியற்றவருக்கு அரசு வழக்கறிஞர் தராவிட்டால் அந்த விசாரணை முறையான விசாரணை ஆகாது என்றது உச்ச நீதிமன்றம். குழந்தைகள் மீதான குற்றம் என்றால் இவை பொருந்தா என்று எங்கேயாவது ஒரு வரி உண்டா? இல்லை!

சட்டம் யார் பக்கம்?

"வழக்கறிஞர் வந்தால் குழந்தையைக் கூண்டிலே நிறுத்திக் குதறுவாரே!" என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. நியாயமான அச்சம். அந்த அச்சத்தை உணர்ந்துதான் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் வேலி போட்டிருக்கிறது. அந்த ஆண்டு நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிற சட்டம் அது.

எதிர்வாதம் செய்யும் வழக்கறிஞர் குழந்தையைப் பார்த்து நேரே கேள்வி தொடுக்க அந்தச் சட்டம் இடம் தரவில்லை. கேள்வியை நீதிபதியிடம் தர வேண்டும். நீதிபதிதான் குழந்தையிடம் கேட்பார். மிரட்டும் கேள்விக்கும், குழந்தையின் நடத்தையைத் தூற்றும் கேள்விக்கும் அங்கே இடமில்லை. மீண்டும் மீண்டும் சாட்சி சொல்ல அழைக்கக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவன் குழந்தையின் கண்ணில் படக்கூடாது. கதவடைத்த அறையிலே விசாரணை. குழந்தையின் குடும்பத்துக்கும் தனி வழக்கறிஞர் வைத்துக்கொள்ள உரிமை உண்டு. வசதியில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழு தர வேண்டும்.

ஆகவே, எதிர்வாதம் என்பது குழந்தையைக் குதறுவது அல்ல. காவல்துறையின் வேலையைச் சோதிப்பது, மருத்துவச் சான்றைச் சோதிப்பது, வயதைச் சோதிப்பது, நாளையும் நேரத்தையும் சோதிப்பது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். சாதாரண வழக்கிலே குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டிய பாரம் அரசுடையது. போக்சோ சட்டத்தின் 29ஆவது பிரிவோ, கடுமையான குற்றங்களிலே, குற்றம் சாட்டப்பட்டவன் அதைச் செய்ததாகவே மன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது. இல்லை என்று மெய்ப்பிக்க வேண்டியவன் அவன்! 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மிகக் கொடிய குற்றங்களுக்குக் குறைந்த அளவு 20 ஆண்டு என்றும், உயர்ந்த அளவு தூக்கு என்றும் ஆக்கியிருக்கிறது.

சட்டம் கடுமையாக இருக்கட்டும், நாம் மறுக்கவில்லை. ஆனால் பாரம் ஏறஏறத் துணை வேண்டும் அல்லவா? தறி நெய்து கூலி வாங்கும் ஒருவன், கோழிப்பண்ணையிலே முட்டை பொறுக்கும் ஒருத்தி, கையெழுத்துப் போட மட்டும் தெரிந்த ஒருவன், "நீ குற்றவாளி இல்லை என்று நீயே மெய்ப்பி" என்று மன்றம் சொன்னால் என்ன செய்வான்? என்ன செய்வாள்? மலங்க மலங்க விழிப்பதைத் தவிர?

நாமக்கல் வழக்கு

ஏதோ ஒரு கற்பனைக்காக வாதாடுகிறோம் என்று எண்ண வேண்டாம். நம் சமவெளியிலேயே நடந்த வழக்கு இருக்கிறது.

நாமக்கல் மாவட்டம் பேளுக்குறிச்சி காவல் நிலையத்தின் வழக்கு அது. போக்சோ சட்டத்தின் கீழ் ஓர் இளைஞனுக்கு 10 ஆண்டுக் கடுங்காவல் விதித்தது நாமக்கல் மகளிர் நீதிமன்றம். அவன் மேல்முறையீடு செய்தான். 2019 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வி. பார்த்திபன் சாட்சியங்களைச் சீர்தூக்கிப் பார்த்தார். குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று விடுதலை செய்தார்.

அதோடு நிற்கவில்லை அவர். பதினாறைக் கடந்த பருவத்தினர் ஒருவரையொருவர் விரும்பிப் பழகுவதும் இந்தச் சட்டத்தின் வலையிலே சிக்கி, இளைஞர்கள் நீண்ட காலச் சிறைக்குப் போகிறார்களே என்று கவலை தெரிவித்தார். குழந்தை என்பதற்கு 18 வயது என்றிருக்கும் எல்லையை 16 ஆக்குவது பற்றி எண்ணிப் பார்க்கலாம் என்று எழுதினார்.

இரண்டாண்டு கழித்து, 2021 ஜனவரியில், பக்கத்து ஈரோட்டிலிருந்து ஒரு வழக்கு. அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் பதிவான போக்சோ வழக்கை ரத்து செய்யும்படி உயர் நீதிமன்றத்தை அணுகியவர்கள் யார் தெரியுமா? புகார் கொடுத்த தாயும், அந்தப் பெண்ணும்! நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அந்த வழக்கை ரத்து செய்தார். இளம் பருவத்தினரின் காதலைத் தண்டிப்பதற்காக இந்தச் சட்டம் வரவில்லை என்று தெளிவுபடுத்தினார்.

நாற்பது வயதுக்காரன் பதினான்கு வயதுச் சிறுமியை ஏய்த்துவிட்டு, "காதல்" என்று பேர் சூட்டினால் அதை நாம் ஏற்போமா? ஒருபோதும் இல்லை! வயது எல்லையைக் குறைத்தால் அந்தக் கயவர்களுக்குக் கதவு திறந்துவிடும் என்ற எண்ணமும் நாட்டிலே இருக்கிறது. வயதைக் குறைக்க வேண்டாம். 16க்கும் 18க்கும் இடைப்பட்டவர்கள் இசைந்த வழக்குகளில் தண்டனையின் அளவை நீதிபதி முடிவு செய்யட்டும் என்று 2023இல் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. எல்லை இன்றும் 18தான். எல்லையைப் பற்றிய வாதம் நடக்கட்டும். ஆனால் ஏய்த்தவன் யார், விரும்பியவன் யார் என்று பிரித்துப் பார்க்க வேண்டுமா இல்லையா? பிரித்துக் காட்ட ஒரு வழக்கறிஞர் இல்லையென்றால், இருவருக்கும் ஒரே கூண்டு, ஒரே விலங்கு, ஒரே சிறை!

அதிலும் நம் மண்ணிலே இன்னொரு பேய் உலவுகிறது. சாதிப் பேய்! 2015 ஜூனில் திருச்செங்கோட்டு மலைக்கோயிலுக்குத் தோழியோடு வந்த ஓமலூர் மாணவன் கோகுல்ராஜ் என்ன ஆனான்? கடத்தப்பட்டான், பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்திலே பிணமாகக் கிடந்தான். 2022இல் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023இல் உயர் நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளியின் தண்டனையை உறுதி செய்தது. அரிவாள் எடுத்தால் ஆயுள் சிறை என்று தெரிந்துகொண்ட சாதி வெறி, அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வேறு ஆயுதம் தேடாது என்று யார் உறுதி சொல்ல முடியும்? பெண்ணுக்குப் பதினெட்டு நிறைய இரண்டு மாதம் இருக்கிறதா, பையன் சேரியிலே பிறந்தவனா, எடு புகார் மனுவை! குழந்தையைக் காக்க வந்த சட்டம், குலப்பெருமையைக் காக்கும் கருவியாகத் திரிந்துவிடும். அந்தத் திரிபைக் கண்டுபிடித்து மன்றத்தின் முன் வைப்பது யார் வேலை? எதிர்வாதம் செய்யும் வழக்கறிஞரின் வேலை!

தொட்டிலும் கூண்டும்

காதலர்களை விடுங்கள். பெற்ற தாயே கூண்டில் நிற்கிற வழக்குக்கு வருவோம்.

1992இல் தமிழ்நாட்டின் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது எந்த ஊரிலே? சேலத்திலே! ஏன் சேலத்திலே? பெண்ணாய்ப் பிறந்த பாவத்துக்காகப் பச்சைக் குழந்தையைக் கள்ளிப் பாலுக்கும் நெல்மணிக்கும் பலிகொடுத்த கொடுமை இங்கே மலிந்திருந்ததால். நாம் தலைகுனிய வேண்டிய வரலாறு அது. வேண்டாத குழந்தையை எங்களிடம் விட்டுவிடு, கொன்றுவிடாதே என்று அரசே தொட்டில் கட்டித் தொங்கவிட வேண்டிய நிலை.

அந்தச் சிசுவைக் கொன்றது யார்? குற்றப்பத்திரிகையிலே பெரும்பாலும் தாயின் பெயர் வரும். மிஞ்சினால் பாட்டியின் பெயர் வரும். "மூன்றாவதும் பெட்டையா?" என்று முகம் திருப்பிய கணவன் பெயர் வருமா? நகைக்கும் சீருக்கும் கணக்குப் போட்ட ஊரின் பெயர் வருமா? வரதட்சணையின் பெயர் வருமா? வராது! கொலைக்கு அவர்கள் சாட்சிகூட இல்லை, பார்வையாளர்கள்!

பேறுகால வேதனையும், அதன் பின் சில தாய்மாரைப் பிடிக்கும் மனக்கலக்கமும் மருத்துவ உலகம் அறிந்தவை. இங்கிலாந்து 1922இலேயே இதற்கென்று ஒரு சட்டம் செய்தது. 1938இல் அதை விரிவாக்கியது. பிள்ளை பெற்றதன் விளைவாய் மனம் பேதலித்த தாய், பன்னிரண்டு மாதத்துக்குள் தன் சிசுவைக் கொன்றால் அது கொலைக்குற்றமாகாது. அதைவிடக் குறைந்த குற்றம் என்றது. 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தை நமக்கு எழுதிக் கொடுத்த வெள்ளைக்காரன், தன் நாட்டுத் தாய்க்குக் காட்டிய இந்தக் கருணையை நம் நாட்டுத் தாய்க்கு எழுதி வைக்கவில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய சட்டத்திலும் அது இல்லை. நம் நாட்டிலே அது கொலை வழக்குதான். ஆயுள் அல்லது தூக்கு.

இன்னும் கேளுங்கள். புதரிலே ஒரு சிசுவின் உடல் கிடைக்கிறது. தாய் பிடிபடுகிறாள். குழந்தை உயிரோடு பிறந்ததா, இறந்தே பிறந்ததா? இந்த ஒரு கேள்வியிலே அவள் வாழ்வு தொங்குகிறது. உயிரோடு பிறந்து கொல்லப்பட்டது என்றால் கொலை. இறந்து பிறந்ததை மறைத்துப் புதைத்தாள் என்றால் பிறப்பை மறைத்த குற்றம். அதற்கு உயர்ந்த அளவு இரண்டு ஆண்டு. நுரையீரலைத் தண்ணீரிலே மிதக்கவிட்டுப் பார்க்கும் பழைய சோதனையை மட்டும் நம்பி முடிவு கட்டக் கூடாது என்பது மருத்துவர்கள் அறிந்த செய்தி. அறையிலே தனியாகப் பெற்று, மயங்கி விழுந்து, நினைவு திரும்பியவளுக்கு இது தெரியுமா? அவளுக்காக மருத்துவரைக் கேட்க ஒரு நா வேண்டாமா?

கொல்லவில்லை, விட்டுவிட்டுத்தான் போனாள் என்றால்? பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கைவிட்ட பெற்றோருக்கு ஏழு ஆண்டு வரை சிறை என்று ஒரு பக்கம் தண்டனைச் சட்டம் சொல்கிறது. மறு பக்கம் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் என்ன சொல்கிறது? பிள்ளையை வளர்க்க முடியாத நிலையில் இருக்கும் பெற்றோர் குழந்தைகள் நலக் குழுவிடம் முறைப்படி ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற்றுக்கொள்ள இரண்டு மாதம் அவகாசம் உண்டு. குழந்தையிடம் கொடுமை, புறக்கணிப்பு பற்றிய 75ஆவது பிரிவிலேயே, தம் சக்திக்கு மீறிய சூழ்நிலையால் பெற்றோர் குழந்தையைக் கைவிட்டிருந்தால் அது வேண்டுமென்றே செய்ததாகாது. அந்தப் பிரிவின் தண்டனை அவர்களுக்குப் பொருந்தாது என்று எழுதியிருக்கிறது.

இருக்கிறது, சட்டப் புத்தகத்திலே! இருக்கிறது என்று அவளிடம் சொல்வது யார்? அவளுக்காக மன்றத்திலே எடுத்துக் காட்டுவது யார்? தறிக்கட்டைக்குக் கீழே தூளி கட்டிப் பிள்ளையைத் தூங்க வைத்து இரவு நேரம் தறி ஓட்டுகிறாளே, அவளைப் புறக்கணித்தவள் என்பதா, பசித்தவள் என்பதா? வறுமை வேறு, கொடுமை வேறு என்று பிரித்துச் சொல்லும் வேலைக்குத்தான் எதிர்வாதம் என்று பெயர்.

1952இல் வெளியான பராசக்தி படத்தை நினைவிருக்கிறதா? பசியாலும் பழியாலும் துரத்தப்பட்ட கல்யாணி, தன் குழந்தையை ஆற்றிலே எறிந்ததாக வழக்கு மன்றத்திலே நிற்கிறாள். நாடே அழுதது. கொட்டகை கொட்டகையாக அழுதது. திரையிலே நின்ற கல்யாணிக்குக் கண்ணீர் வடித்த நாம், தெருவிலே நிற்கும் கல்யாணிக்குக் கல் எடுக்கிறோமே, இது என்ன நியாயம்?

கோவைத் தீர்மானமும் டில்லித் தீர்ப்பும்

"அப்பாவிகளுக்கு வாதாடுங்கள், சரி. கொடியவனுக்குமா?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். விசாரணைக்கு முன்னாலேயே அப்பாவி யார், கொடியவன் யார் என்று நெற்றியிலே எழுதி ஒட்டியிருந்தால் நீதிமன்றமே தேவையில்லையே!

கோவையிலே வழக்கறிஞர்களுக்கும் காவல்துறைக்கும் மோதல் வந்தபோது, குற்றம் சாட்டப்பட்ட காவலர்களுக்காக எங்களில் எவரும் வாதாட மாட்டோம் என்று வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. அந்த வழக்கு டில்லி வரை போயிற்று. எவருக்காகவும் வாதாட மாட்டோம் என்று சங்கம் தீர்மானம் போடுவது அரசியல் சட்டத்துக்கும் தொழில் நெறிக்கும் முரணானது, செல்லாது என்று 2010 டிசம்பரில் தீர்ப்பளித்தது உச்ச நீதிமன்றம். எவ்வளவு வெறுக்கத்தக்க குற்றம் சாட்டப்பட்டவனாயினும் அவனுக்காக வாதாட வேண்டும் என்றது.

எட்டே ஆண்டு கழித்து, 2018 ஜூலையில், சென்னை அயனாவரத்திலே செவித்திறன் குறைந்த பதினொரு வயதுச் சிறுமியைச் சீரழித்ததாகப் பதினேழு பேர் கைதானார்கள். கேட்டவர் குருதி உறைந்தது. நீதிமன்ற வளாகத்திலேயே அவர்களுக்கு அடி விழுந்தது. அவர்களுக்காக வாதாட மாட்டோம் என்று உயர் நீதிமன்ற வழக்கறிஞர் சங்கம் ஒன்று அறிவித்தது. ஆயினும் விசாரணை நடந்தது, எதிர்வாதமும் நடந்தது. 2020 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. பதினைந்து பேர் குற்றவாளிகள், தண்டனை! வழக்கு நடக்கும்போதே ஒருவர் இறந்துவிட்டார். மீதி ஒருவர்? குற்றம் மெய்ப்பிக்கப்படாமல் விடுதலை!

அந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஜூலையிலே அடித்த கைக்கு அவர் யார், மற்றவர் யார் என்று தெரியுமா? எதிர்வாதம் இருந்தது; அதனால் பதினைந்து பேர் தப்பிவிடவும் இல்லை; மெய்ப்பிக்கப்படாத ஒருவர் சிறைக்குப் போகவும் இல்லை.

இதற்கு மறுபுறமும் உண்டு. 2017 பிப்ரவரியில் சென்னையின் புறநகரிலே ஏழு வயதுச் சிறுமி கொல்லப்பட்டாள். ஓர் இளைஞன் கைதானான். ஊரே அவனைத் தூக்கிலிடச் சொன்னது. ஓராண்டு கழித்து, 2018 பிப்ரவரியில், செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. நீதி விரைந்து வந்தது என்று மகிழ்ந்தோம். 2025 அக்டோபர் 8ஆம் நாள் உச்ச நீதிமன்றம் என்ன செய்தது? அவனை விடுதலை செய்தது! சாட்சியச் சங்கிலி அறுந்து கிடக்கிறது என்றது. அதுமட்டுமா? குற்றச்சாட்டு வனையப்பட்டபோது அவனுக்கு வழக்கறிஞர் இல்லை, சாட்சி விசாரணைக்குச் சில நாள் முன்புதான் சட்ட உதவி வழக்கறிஞர் தரப்பட்டார், தயாராக நேரமில்லை, நேர்மையான விசாரணை நடக்கவில்லை என்றது.

எட்டாண்டுக்கு மேல் உருண்டோடிய பிறகு, அந்தக் குழந்தையின் பெற்றோருக்கு நாம் என்ன பதில் சொல்வோம்? முதல் மன்றத்திலேயே திறமையான எதிர்வாதம் நடந்திருந்தால், அறுந்த கண்ணி எது என்று அன்றே தெரிந்திருக்கும். தடயம் பழையதாகும் முன், நினைவு மங்கும் முன், புலனாய்வு தன்னைத் திருத்திக்கொள்ள வாய்ப்பு இருந்திருக்கும். விரைவு என்று பேர் வைத்து அவசரத்தை ஓட்டினோம். அவசரம் எட்டாண்டுத் தாமதமாக முடிந்தது; அதுவும் எவரும் தண்டிக்கப்படாமல்!

வழக்கறிஞரை மறுத்தால் குற்றம் சாட்டப்பட்டவன் மட்டும் இழப்பதில்லை. குழந்தையும் இழக்கிறது. கொலையுண்ட குழந்தையின் பேராலே நாம் கேட்கும் நீதி, மேல் மன்றத்திலும் நிமிர்ந்து நிற்கும் நீதியாக இருக்க வேண்டாமா?

என்ன செய்ய வேண்டும்?

சேலத்து மண்ணுக்கு இது புதிய பாடமும் அல்ல. 1882இல் சேலத்திலே நடந்த கலவரத்தைத் தூண்டியதாகச் சி. விஜயராகவாச்சாரியார் மீது வழக்கு வந்தது. பத்தாண்டு நாடுகடத்தல் தண்டனையும் வந்தது. உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அவருடைய முகாம் வேறு, நம்முடைய முகாம் வேறு. ஆயினும் உண்மை உண்மைதானே! சட்டம் தெரிந்தவர், வசதி படைத்தவர், ஆகையால் மீண்டார். சட்டமும் தெரியாமல் வசதியும் இல்லாமல் இருப்பவர் மீள வழி என்ன?

வழி இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், சிறையில் இருப்பவர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமலே இலவசமாக வழக்கறிஞர் தர வேண்டும். சேலத்திலும் நாமக்கல்லிலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியிலே கூப்பிட்டால் வழி சொல்வார்கள். குற்றம் சாட்டப்பட்ட ஏழைகளுக்காகவே முழுநேரமும் வாதாடும் சட்ட உதவி வழக்கறிஞர்களை அமர்த்தும் முறை 2022 முதல் நாட்டிலே வந்திருக்கிறது.

ஆகவே, தோழர்களே, உங்கள் தெருவிலே ஒருவர் கைதானால், அவர் யாராயினும், முதல் நாளிலேயே அந்தக் குடும்பத்துக்கு இதைச் சொல்லுங்கள். 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். வெற்றுத் தாளிலே கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். அதே மூச்சிலே, பாதிக்கப்பட்ட குழந்தையின் வீட்டுக்கும் போய், உங்களுக்கும் இலவச வழக்கறிஞர் உண்டு என்று சொல்லுங்கள். குழந்தைக்குக் கொடுமை நடப்பது கண்ணில் பட்டால் 1098க்குத் தகவல் கொடுங்கள். மூடி மறைப்பவன் கொடியவனுக்குத் துணை போகிறவன்.

வழக்கறிஞர் பெருமக்களே! உங்கள் கறுப்பு அங்கி ஊரின் கோபத்தை உடுத்திக்கொள்ள அல்ல. எவன் பெயரைச் சொல்லவே நா கூசுகிறதோ அவனுக்காகவும் எழுந்து நின்று, "சான்று எங்கே?" என்று கேட்பதற்காக. நீங்கள் கேட்டால்தான் நல்ல சான்று வரும். நல்ல சான்று வந்தால்தான் குற்றவாளி தப்ப மாட்டான்.

ஆள்வோரே! சட்ட உதவிக்கு வரும் வழக்கறிஞருக்குக் கூலிக்கு மாரடிக்கும் ஊதியம் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று கைகழுவாதீர்கள். குற்றப்பத்திரிகையின் படியை உரிய நேரத்தில் கொடுங்கள். படித்துத் தயாராக நாள் கொடுங்கள். சிசுவைப் பறிகொடுத்துத் தானும் பேதலித்து நிற்கும் தாய்க்கென்று ஒரு சட்டப் பிரிவு இந்த நாட்டிலும் வேண்டும். அதற்காகக் குரல் கொடுங்கள்.

குழந்தை பேசத் தெரியாதது. அதற்காகப் பேச அரசு இருக்கிறது, ஊர் இருக்கிறது, ஏடு இருக்கிறது. கூண்டிலே நிற்பவருக்காகப் பேச ஒரே ஒருவர்தான் உண்டு. அந்த ஒருவரின் வாயையும் அடைத்துவிட்டுப் பெறும் தீர்ப்பு தீர்ப்பல்ல, பழி. பழி நமக்கு வேண்டாம். நீதி வேண்டும்! குழந்தைக்கும் வேண்டும், கூண்டுக்கும் வேண்டும்!